இரண்டு வருடமாக மூட்டுவாத மாத்திரை, விரல் கணு பெருத்துக்கொண்டே போகிறது

பாலக்கோட்டு அப்பா:

வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் கிராமம், தக்காளி விவசாயம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஐந்து வயதில் பென்சிலை இரண்டு விரலுக்கு நடுவில் சொருகி எழுத ஆரம்பித்தாள். டீச்சர் சொன்ன பிறகுதான் நாங்கள் கையைப் பார்த்தோம். நடு விரல் கணுக்கள் வேப்பங்கொட்டை மாதிரி புடைத்திருந்தன.

ஒரு வருடம் எண்ணெய், கட்டு என்று போயிற்று. அப்புறம் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டினோம். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம், ஜேஐஏ என்றார்கள். ஞாயிறு ராத்திரி மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட். திங்கட்கிழமை காலை வாந்தி எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். நடுவில் முழங்காலில் ஊசியும் போட்டார்கள்.

இரண்டு வருடம் ஆயிற்று. கை விரித்த மாதிரியே நிற்கிறது, களியை உருட்டிக் குழம்பில் தோய்க்க முடியவில்லை, ஸ்பூன் கேட்கிறாள். சப்பணம் போட்டு உட்கார முடியாது. இப்போது நடையும் ஆடுகிறது. ஆனால் ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை, மூட்டு சிவந்ததில்லை, தொட்டால் சுடவில்லை. வாதம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள், இஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ எல்லாம் ஆரம்பத்திலிருந்து நார்மல். இந்த வாதம் கண்ணையும் தாக்கலாம் என்று அனுப்புகிறார்கள், கண் டாக்டரும் ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்கிறார். ரத்தம் நார்மல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்கிறார்கள். மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பும் நார்மல்தானே என்று கேட்டால் பதில் இல்லை.

இப்படி யாருக்காவது இருந்ததா? வீட்டில் அவள் அம்மா என் அத்தை மகள். அதனால் கேட்கிறேன்.

மாரண்டஅள்ளி பெரியவர்:

தம்பி, நம் பக்கம் போர் தண்ணீரைக் குடித்தால் இதுதான். பல்லில் காவிக் கறை இருக்கிறதா பாருங்கள். ஒகேனக்கல் குடிநீர் 2013-ல் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் பிள்ளைகளின் பல் வெள்ளையாயிற்று. என் தம்பி நாற்பது வயதிலேயே கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்தான், தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு உப்பு என்றார்கள். முதலில் தண்ணீரை மாற்றுங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம்.

ஊத்தங்கரைக்காரி:

பெரியவர் சொல்வதைத் தள்ள மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரியில் எந்த எலும்பு நோவுக்கும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுவது நியாயம்தான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், இரண்டு வருடம் கேன் தண்ணீர் குடித்தேன். ஆனால் ஃபுளோரைடால் எலும்பு கெடுவதற்குப் பொதுவாகப் பல வருடம் ஆகும், எக்ஸ்ரேயில் எலும்பு அடர்ந்து வெள்ளையாகத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரல் கணுவில் ஆரம்பிப்பது அதன் வழக்கமில்லை.

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு 33 வயது. ஆறு வயதில் ஆரம்பித்தது, ஏழிலிருந்து பதின்மூன்று வரை மூட்டுவாத மாத்திரை, அதில் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. அந்த வயதுப் போட்டோவில் என் முகம் பூசணிக்காய். 24 வயதில்தான் உண்மையான பெயர் தெரிந்தது: ப்ரோக்ரசிவ் சூடோருமடாய்டு டிஸ்பிளேசியா. சுருக்கமாக பிபிஆர்டி. மூட்டுவாதம் போல வேஷம் போடும் குருத்தெலும்புக் கோளாறு என்று எனக்குச் சொன்ன டாக்டர் விளக்கினார். வாதத்தில் மூட்டின் உள்சவ்வு அழன்று வீங்கும். இதில் அழற்சியே கிடையாது. மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு சரியாகக் காக்கப்படாமல் தேய்கிறது, எலும்பின் முனை அகன்று பருக்கிறது. அதனால்தான் புடைப்பு அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். வாத வீக்கம் மெத்தென்று இருக்கும், சுடும். அழற்சியை அமுக்கும் மருந்து எவ்வளவு கொடுத்தாலும் அமுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

1982-ல் பிரிட்டனில் டாக்டர்கள் இதைத் தனி நோய் என்று எழுதினார்கள். 1999-ல் இதற்குக் காரணமான மரபணு கிடைத்தது. விஸ்ப்3 என்று பெயர், இப்போது சிசிஎன்6 என்கிறார்கள். இந்தியாவிலிருந்து நிறையக் குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றன. எங்கள் வீட்டிலேயே நானும் அண்ணனும், நடுவில் பிறந்த அக்கா மட்டும் தப்பித்தாள். அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கை நோவு என்றால் கையைப் படம் எடுப்பார்கள், முழங்கால் என்றால் முழங்காலை. என் பழைய கவரில் கைப்படம் மட்டும் பதினொன்று இருந்தது, முதுகுப்படம் ஒன்றுகூட இல்லை. பிபிஆர்டியில் முதுகெலும்புத் துண்டுகள் தட்டையாகி, முன்பக்கம் கொஞ்சம் மூக்கு நீட்டின மாதிரி இருக்கும். மூட்டுவாதத்தில் அப்படி வராது. கைப்படத்திலும் வித்தியாசம் உண்டு. மூட்டு இடைவெளி குறைந்திருக்கும், எலும்பு முனை அகன்றிருக்கும், ஆனால் வாதத்தில் எலும்பு அரிக்கப்பட்டுத் தெரியும் தடம் இருக்காது. இடுப்புக்கும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நடை ஆடுகிறது என்கிறீர்களே, அது இடுப்பாக இருக்கலாம்.

படம் சந்தேகமாக இருந்தால் மரபணுப் பரிசோதனை. ரத்தம் எடுத்தால் போதும். வேலூர் சிஎம்சியில் மரபியல் பிரிவு இருக்கிறது. பெங்களூருவில் மனித மரபியல் மையம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் பெங்களூரு பஸ் ஏறினால் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு அப்போது இரண்டு கிடா விற்ற பணம் போயிற்று. அண்ணன் இன்னும் அந்தக் கிடாக்களைப் பற்றிப் பேசுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம். தேய்மானத்தை நிறுத்தும் மருந்து இதற்கு இல்லை. எனக்கு 27 வயதில் வலது இடுப்பு மாற்றினார்கள், 29-ல் இடது. ஆனால் அறிவுக்கோ ஆயுளுக்கோ இதனால் குறை வராது. நான் இ-சேவை மையம் நடத்துகிறேன், சாய்வு மேசை போட்டு டைப் செய்கிறேன், வேகம் ஊரில் யாருக்கும் குறைந்ததில்லை.

பாலக்கோட்டு அப்பா:

அக்கா, இரண்டு தடவை படித்தேன். விரல் புடைப்பை இப்போது போய் அமுக்கிப் பார்த்தேன். கல்தான். தூக்கத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

நாளை ஞாயிறு. மாத்திரையைக் கொடுக்கவா, விடவா? இன்னொன்று, பையனுக்கு நாலு வயது. அவன் ஓடுகிறான், ஆடுகிறான். என் அம்மா இப்போதே வீட்டுக்காரியைப் பார்த்து "உன் வழி ரத்தம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அரூர் பிசியோ:

சார், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜேஐஏ உள்ள பிள்ளைகளிலும் சிலருக்கு இஎஸ்ஆர் நார்மலாகவே இருக்கும், அதனால் ரத்த அறிக்கையை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடமே முதுகுப்படத்தைப் பற்றிக் கேளுங்கள். இரண்டாவது கருத்து கேட்கிறேன் என்று சொன்னால் நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார்.

அதுவரை குதிப்பது, மாடிப்படி ஓடுவது, புத்தகப் பையை முதுகில் சுமப்பது வேண்டாம். சைக்கிள் நல்லது. தண்ணீரில் நடப்பது இன்னும் நல்லது. விரலைப் பிடித்து வலுவாக மடக்கி "பழக்கப்படுத்துகிறேன்" என்று யாராவது வந்தால் தொட விடாதீர்கள். எண்ணெய் போட்டு இழுத்துவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊத்தங்கரைக்காரி:

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்த நோய் வர அப்பாவிடமிருந்து அந்த மரபணுவின் ஒரு பழுதான பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர வேண்டும். ஒரு பக்க ரத்தம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது. அத்தை மகள் என்றால் அந்தப் பிரதி உங்கள் தாத்தா பாட்டியிடமிருந்தே இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம், அதாவது உங்கள் அப்பா வழியாக. என் அம்மாவை இருபது வருடம் இதற்காகத் திட்டினார்கள். பரிசோதனைத் தாள் வந்த அன்றைக்கு அம்மா அதை மடித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பையனைப் பற்றி. பாப்பாவுக்கு உறுதியானால் அவனுக்கு இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் தெரிய ஆரம்பிக்கும். அவனுக்குப் பரிசோதனை எப்போது என்பதை மரபியல் டாக்டரிடமே கேளுங்கள். இப்போதைக்கு ஓடட்டும்.

நோய் உறுதியானால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நாற்பது சதவீதம் வந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கலாம். நான் கையாலேயே எழுதுவேன் என்று வீம்பு பிடித்துக் கணக்கில் பாதித் தாளைக் காலியாகக் கொடுத்தவள்.

பாலக்கோட்டு அப்பா:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். தருமபுரியில் படம் எடுத்தோம். கைக்கா முதுகுக்கா என்று எக்ஸ்ரே எடுக்கும் தம்பி இரண்டு தடவை கேட்டார். படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதுகெலும்பு தட்டையாக இருக்கிறது, மரபியல் மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார். மருந்து எழுதிய டாக்டரிடமும் போனில் சொன்னேன், மெத்தோட்ரெக்ஸேட்டை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார். இந்தத் திங்கள் வாந்தி இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள்.

வியாழன் வேலூர் போகிறோம். பழைய படமெல்லாம் வேண்டுமா அக்கா, கடைசியாக எடுத்தது மட்டும் போதுமா?

ஊத்தங்கரைக்காரி:

எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், தேதி எழுதி வரிசையாக. முதன்முதலில் எடுத்த படம்தான் அவர்கள் அதிகம் கேட்பது. மடிக்காதீர்கள்.