வரைபட ஓரத்து வெற்று இடம்: ‘ஒட்ட நறுக்கு’ போதுமா?

அண்ணாச்சிக்கு வணக்கம். வரைபடத்தை (graph) சுற்றிக் கிடக்கும் வெற்று இடத்தை எடுக்கும் வேலைக்கு ‘ஒட்ட நறுக்கு’ என்று நான் வைத்த பெயரைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் இது.

> ‘வெள்ளை இடம் நீக்கல்’ என்றே வைத்துவிடலாமே. படித்ததும் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் அந்த இடம் எப்போதும் வெள்ளையாக இருப்பதில்லையே. பின்னணியைச் சாம்பலாக வைத்தால் அதுவும் சாம்பல். ஒளிபுகும் பின்னணி என்றால் நிறமே கிடையாது. ‘வெற்றிடம்’ என்றால் இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே ‘ஓரவெளி’ என்பதில் நிற்கிறேன்.

வினைக்கு வருவோம். ‘செதுக்கு’ (crop) படத்திருத்திகளில் ஏற்கெனவே புழங்குகிறது. அங்கே எதுவரை வேண்டும் என்று நாம்தான் கட்டம் இழுத்துக் காட்டுகிறோம்; கை தவறினால் படமும் சேர்ந்து போகும். இமேஜ்மேஜிக் போன்ற படம் திருத்தும் கருவியோ ஓரத்தில் ஒரே நிறமாகக் கிடப்பதைத் தானே கண்டு எடுத்துவிட்டு, உருவம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். இதற்குத்தான் ‘ஒட்ட நறுக்கு’ என்றேன். சொல் முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் பாளையங்கோட்டையில் என்னைப் பலகை போட்ட நாற்காலியில் ஏற்றிவிட்டு, ‘நல்லா ஒட்ட வெட்டும்’ என்பார் அப்பா. காது மட்டும் மிஞ்சும்.

> மெனுவில் ‘வெட்டு’, ‘ஒட்டு’ பக்கத்திலேயே இருக்கின்றனவே. குழம்பாதா?

அதனால்தான் ‘வெட்டு’ போடாமல் ‘நறுக்கு’ போட்டேன். ‘ஒட்ட’ என்பதற்குப் பின்னால் ஒரு வினை வந்துவிட்டால் யாருக்கும் பசை ஞாபகம் வராது.

ஆனால் நேற்று வேறொரு இடத்தில் நானே மாட்டிக்கொண்டேன். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை, பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்பில் (Matplotlib) வரைந்தேன். முழுக் கொள்ளளவைக் காட்ட 143 அடியில் ஒரு கோடு, 118 அடியில் ஒரு கோடு. எந்தக் கோடு எந்த அணை என்று சொல்லும் குறிவிளக்கத்தை அச்சுகளுக்கு வெளியே வலப்பக்கம் வைத்தேன். சும்மா சேமித்தால் மேட்பிளாட்லிப்பின் இயல்பான தாள் 6.4க்கு 4.8 அங்குலம், மேலே 12 விழுக்காடு காலியாகக் கிடக்க, வலப்பக்கம் எழுத்து அறுந்து ‘மணிமுத்’ என்று நின்றது. சேமிக்கும் கட்டளையில் ‘டைட்’ (tight) என்று கொடுத்தேன். மேலே இருந்த ஓரவெளி போயிற்று. வலப்பக்கமோ தாள் நீண்டு ‘மணிமுத்தாறு’ முழுதாக வந்துவிட்டது. நறுக்கச் சொன்னால் வளர்கிறது!

அப்படியானால் அது நறுக்கலே இல்லை. வரைந்தவை எல்லாவற்றையும் சுற்றி அளவெடுத்து, அந்த அளவுக்குத் தாளை வைத்துக்கொள்கிறது. உடம்புக்கு அளவெடுத்த சட்டை மாதிரி, சில பேருக்குத் துணி கூடத்தான் வேண்டும். எனவே இந்த அமைப்புக்கு ‘உருவளவு’ என்றும், பழைய நிலைக்குத் ‘தாளளவு’ என்றும் வைப்போம். ‘ஒட்ட நறுக்கு’ என்பதைச் சேமித்து முடித்த படத்தில் ஓரத்தை எடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பெயர் இருப்பதில் இன்னொரு வசதி. அணைக்கு ஒரு படமாக உருவளவில் எடுத்து அருகருகே வைத்தால் அகலம் ஒத்துவராது, ஏனென்றால் பெயர்களின் நீளம் வேறு. ‘ஜோடியாக வைக்கும் படங்களைத் தாளளவில் எடுக்கவும்’ என்று மாணவர்களுக்கு ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம், உருவளவிலும் அது சுற்றி 0.1 அங்குலம் விட்டுத்தான் சேமிக்கிறது. வேண்டாம் என்று எடுத்ததற்கும் வேண்டும் என்று விட்டதற்கும் ‘ஓரவெளி’ என்ற ஒரே பெயர் ஆகாது. இப்போதைக்கு ‘விடுவெளி’ என்று போட்டிருக்கிறேன். காதுக்கு உறுத்தினால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.