மறு: டார்க் கன்வெர்ட்டர் - ஸ்டேட்டருக்கு 'நிலையி' ஒத்துவருமா?

ஐயா வணக்கம். ஆட்டோமேட்டிக் கார்ல இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்குற டார்க் கன்வெர்ட்டருக்கு நீங்க தமிழ்ல வச்ச 'முறுக்குவிசை மாற்றி'ங்கற பேர் எனக்கு சம்மதம்தான். முறுக்குன்னாலே எண்ணெய்ச்சட்டிதான் ஞாபகம் வருதுன்னு தம்பி ஒருத்தர் கிண்டல் பண்ணிருந்தார், இருக்கட்டும், இதுலயும் எண்ணெய்தானே வேலை பாக்குது. ஆனா உள்ள இருக்குற ஸ்டேட்டருக்கு 'நிலையி'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் இடிக்குது. கரண்ட் மோட்டார்ல ஸ்டேட்டர் அசையாம நிக்கும், சரி. இது அப்படி இல்லீங்க.

மன்னார்குடியில மச்சான் பட்டறையில பழைய கன்வெர்ட்டர் ஒண்ணை ரெண்டா அறுத்துப் போட்டிருக்காங்க, அதைக் கையில வச்சுப் பாத்துட்டுதான் எழுதுறேன். இஞ்சினோட சேந்து சுத்துற இம்பெல்லர் எண்ணெயை வீசுது, எதிர்ல இருக்குற டர்பைன் அதை வாங்கிச் சுத்துது, டர்பைன் தண்டுதான் கியர்பாக்ஸுக்குள்ள போவுது. கிளம்புற நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல எண்ணெய்தான் பிடிப்பு, அதான் சிக்னல்ல கியரை எடுக்காம பிரேக்கை மிதிச்சு நின்னாலும் இஞ்சின் அணையாது. இப்ப டர்பைன்ல மோதித் திரும்புற எண்ணெய் இம்பெல்லர் சுத்துற பக்கத்துக்கு எதிரா வருது, அப்படியே விட்டா இஞ்சினையே புடிச்சு இழுக்கும். நடுவுல ஸ்டேட்டரோட வளைஞ்ச தகடுங்க அதைத் திருப்பி இம்பெல்லர் போற பக்கமே தள்ளுது. டார்க், அதாவது முறுக்குவிசை, கிட்டத்தட்ட 2 மடங்கு ஆவுறது இதனாலதான். ஸ்டேட்டர் இல்லேன்னா அது வெறும் ஃப்ளூயிட் கப்ளிங், அதாவது டார்க்கைக் கூட்டாம எண்ணெய் வழியா அப்படியே கடத்துறது; 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரோட ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல இருந்தது அதுதான்.

வேகம் புடிச்சு டர்பைன் இம்பெல்லரை நெருங்கிட்டா எண்ணெய் தகட்டோட பின்பக்கத்துல அடிக்க ஆரம்பிக்கும், உடனே ஒருவழி கிளட்ச் விட்டுக்குடுத்து ஸ்டேட்டரும் கூடவே சுத்தும், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. சுத்துறதுக்கு நிலையின்னு பேரா?

நம்ம பக்கம் மடை மாத்துறதுன்னு சொல்றோம்ல, அதையே வைக்கலாம்: மடைமாற்றி. மண்வெட்டியால ரெண்டு கொத்து மண்ணை வெட்டிப் போட்டா வாய்க்கால் தண்ணி நம்ம வயலுக்குத் திரும்பிடும், போதும்னா மண்ணை எடுத்துட்டா அது பாட்டுக்குப் போவும். ஸ்டேட்டர் பண்றதும் அச்சு அசல் இதே ரெண்டு வேலைதான். நிதியை மடைமாற்றிட்டாங்கன்னு பேப்பர்ல எழுதி எழுதி அந்த வார்த்தைக்கு ஒரு கெட்ட பேர் வந்துடுச்சுங்கறது உண்மைதான், ஆனா கடைமடைக்காரன் நான், அதுக்காக விட்டுக்குடுக்க முடியாது.

டர்பைனுக்கு சுழலி இருக்கு. இம்பெல்லருக்கு 'இறைப்பி'ன்னு யோசிச்சேன், பம்ப்செட்டோட குழப்பிக்குவாங்களான்னு சொல்லுங்க. ஒருவழி கிளட்சுக்குத்தான் இன்னும் ஒண்ணும் சிக்கலைங்க.