எண்ணூர்க் கழிமுகம்: நிலம் மாறியதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி (முதுகலை மாணவர்):
வடசென்னை எண்ணூரின் மீனவ ஊர்களான காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மூன்றிலும் சேர்த்து 120 வீடுகளில் கணக்கெடுக்கப் போகிறோம். கழியும் உப்பளமும் துறைமுகமாக, அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் குளமாக மாறியதில் குடும்பங்களின் நிலை எப்படி ஆனது, ஏற்றத்தாழ்வு கூடியதா என்று பார்க்க வேண்டும். மாத வருமானம் கேட்டால் போதுமா? பழைய நில நிலவரம் எங்கே கிடைக்கும்?

பதில் (குடும்பக் கணக்கெடுப்பு):
போதாது, முடிவே தலைகீழாகிவிடும். ஆற்றில், அதாவது கழியில், மீன்பிடித் தொழில் செய்தவர் ஒப்பந்தக் கூலிக்குப் போனால் கையில் புழங்கும் பணம் கூடியதாகத் தெரியலாம். முன்பு குழம்புக்கு எடுத்துவைத்த மீனை இப்போது காசு கொடுத்து வாங்குகிறார் என்பது அந்தக் கணக்கில் வராது. போன வாரம் எத்தனை நாள் மீன் சமைத்தார்கள், அதில் பிடித்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று கேளுங்கள். பிடித்ததைச் சந்தை விலையில் வருமானத்தோடு சேர்த்துவிடுங்கள்.

தொழிலுக்குப் போகிறவர்களிடம் மாதக் கணக்கு வேண்டாம், கடைசியாகப் போன மூன்று தடவை பற்றிக் கேட்டால் போதும்: எத்தனை மணி நேரம், எத்தனை பேர், இறால், நண்டு, மீன் தனித்தனியாக எத்தனை கிலோ, டீசல், வலைச் செலவு, படகுக்காரர் பங்கு. மணி நேரம் முக்கியம். சாம்பல் படிந்து ஆறு மேடானால் வற்றத்தில் (கடல் நீர் வடியும் நேரத்தில்) படகு தரை தட்டும். அதே இரண்டு கிலோவுக்கு அதிக நேரம் உழைக்க வேண்டியிருக்கும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். மீன் விற்பதும் கையால் தடவி இறால் பிடிப்பதும் குடும்பத் தலைவர் சொல்லும் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போகும்.

‘பத்து வருடத்துக்கு முன்னால்’ என்று கேட்டால் சரியான பதில் வராது. ‘சுனாமிக்கு முந்தின வருடம்’, ‘2015 வெள்ளத்துக்கு முன்’ என்றால் நினைவு வரும். 2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் கலந்ததற்குப் பிந்தைய மாதங்களைத் தனியாக வையுங்கள். அது வழக்கமான வருடமே இல்லை.

பதில் (நில வரைபடம்):
லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசம், 1980களிலிருந்து 30 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கும். 2015க்குப் பிறகு செண்டினல்-2, 10 மீட்டர். எண்ணூரில் இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ஒன்று, ஏற்றத்தில் (கடல் நீர் ஏறும் நேரத்தில்) எடுத்த படத்தையும் வற்றத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் மூடாத கழிகூட மூடியதாகத் தெரியும். அதே மாதம், கிட்டத்தட்ட அதே நீர்மட்டம் உள்ள படங்களாக எடுங்கள். இன்னொன்று, காய்ந்த சாம்பலும் காய்ந்த உப்பளமும் படத்தில் ஒரே வெளுப்பு. செப்பாக்கம், அத்திப்பட்டுப் பக்கம் நேரில் போய்ப் பார்க்காமல் வகை பிரிக்காதீர்கள். பிறகு அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்தப் புல எண்கள் பட்டாவா, புறம்போக்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். வடசென்னையில் ஏற்றத்தாழ்வு பிரியும் இடமே அதுதான்.

பதில் (நிலச் சட்டம்):
அதை வழிமொழிகிறேன். 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலமே இல்லாதவரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகச் சேர்க்கிறது. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் நீர்நிலையை நம்பிப் பிழைத்த மீனவர், படகோட்டி எல்லோரும் 3(c) பிரிவில் அடக்கம். ஆனால் அரசுப் புறம்போக்கை ஒரு துறை இன்னொன்றுக்குக் கைமாற்றினால் கையகப்படுத்தலே நடக்காது, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலும் பிறக்காது. பட்டாக்காரருக்குப் பணம் வரும். கழியில் பிழைத்தவருக்குக் காகிதத்தில் இடமே இருக்காது. அதனால் வீடுகளைப் பட்டா உள்ளவர், படகு மட்டும் உள்ளவர், இரண்டும் இல்லாதவர் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் 40 வீடு எடுங்கள். மொத்தச் சராசரி போடும்போது மட்டும், ஊரில் அந்தப் பிரிவு எத்தனை வீடோ அந்த விகிதத்துக்கு எடை கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரேஷன் அட்டைப் பட்டியலிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில் (குடும்பக் கணக்கெடுப்பு):
வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களின் அட்டை வேறு ஊரில் இருக்கும். பிழைக்க முடியாமல் இடம்பெயர்ந்தவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள், அதிகம் இழந்தவர்கள் அவர்களாகவே இருக்கலாம். தெருத்தெருவாக நடந்து வீடுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ‘பக்கத்தில் குடியிருந்து போனவர் யார், எந்த வருடம், எங்கே’ என்று கேட்டு, கிடைப்பவர்களில் பத்துப் பேரையாவது தேடிப்போய்ப் பேசுங்கள்.