பிரெஞ்சில் உறங்கும் நேரத்தைச் சொல்வது எப்படி?

கேள்வி: இரவு பத்து மணிக்குப் படுக்கிறேன், காலையில் ஆறு மணிக்கு எழுகிறேன் என்று பிரெஞ்சில் சொல்லும்போது, வினைக்கு முன்னால் 'மெ' (என்னை) எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பது எனக்குத் தெளிவாகவில்லை, யாரேனும் விளக்க இயலுமா?

பதில் 1: செயல் செய்பவரையே சேரும்போது அது வரும். 'ழ மெ கூஷ்' என்றால் நான் படுக்கிறேன். 'மெ' இல்லாமல் 'ழ கூஷ் லெஸான்ஃபான்' என்றால் குழந்தைகளைப் படுக்க வைக்கிறேன். நம் தன்வினை, பிறவினையை நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் குழப்பம் வராது. ஆனால், 'தூங்குகிறேன்' என்பதற்கு 'ழ தோர்' மட்டுமே போதும்.

பதில் 2: இறந்தகாலத்தில் 'மெ' சேரும் வினைகள் 'எத்ர்' (இரு) என்ற துணைவினையையே ஏற்பதால் 'ழ மெ ஸ்வி கூஷே' என்றாகும், பேசுபவர் பெண்ணாயின் எழுத்தில் ஈற்றில் ஓர் 'e' கூடும், ஒலிப்பு மாறாது.

பதில் 3: அன்றாட வழக்கத்தைக் குறிக்க 'ல ஸ்வார்' என்றாலே மாலைதோறும் என்ற பொருள் கிடைத்துவிடுகிறது.