80-களின் ஆங்கிலப் பாப் மெட்டுக்குத் தமிழ் நையாண்டி வரிகள்: வீட்டிலேயே ரெக்கார்ட் செய்ய உதவி தேவை

பிரிக்ஃபீல்ட்ஸ்_கீபோர்ட்:
வணக்கம். 80-களில் வந்த ஓர் ஆங்கில சிந்த்-பாப் (சிந்தசைசர் கீபோர்ட் ஒலியை வச்சு வர்ற பாப்) பாட்டின் மெட்டுக்கு எங்க நண்பர் தமிழில் நையாண்டி எழுதியிருக்கார். மூலப் பாட்டில் காதலியைத் தேடுறாங்க, இதில் கோலாலம்பூரில் பார்க்கிங் தேடுறாங்க. படிச்சா சிரிப்பு வருது, பாடினா வரலை. வேகம் 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 தட்டு). பல்லவியின் முதல் வரி: "பார்க்கிங் எங்கேன்னு தெரியலையே".

கையில் இருக்கிறது: ரெண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்பில் இணைக்கிற பெட்டி), ஷூர் எஸ்எம்58 மைக் ஒண்ணு, மிடி கீபோர்ட், எலக்ட்ரிக் கிட்டார், லேப்டாப்பில் ரீப்பர் (ரெக்கார்டிங் மென்பொருள்). அறை 10-க்கு 12 அடி, டைல்ஸ் தரை.

சிக்கல்கள்: சொல் புரியலை, ஒரே எதிரொலி. பாடுறவர் தாளத்துக்குப் பின்னாடியே இழுக்கிறார். கிட்டார் ட்ராக்கில் மெல்லிசா ஒரு கீச்சு சத்தம். ஸ்னேர் டிரம் சப்பையா இருக்கு, அந்தக் கால அடி வரலை. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

சந்தம்_பார்ப்பவன்:
மைக்கைத் தொடுறதுக்கு முன்னாடி வரியைச் சரி பண்ணுங்க. ஆங்கில மெட்டில் அழுத்தம் விழுற அசை தாளத்தில் உட்காரும். தமிழில் அந்த இடத்துக்கு நெடிலோ, ஒற்றடுத்த எழுத்தோ வரணும். குறில் வந்தா பாடுறவர் அதை இழுத்தே ஆகணும், சொல் உடைஞ்சிடும்.

உங்க வரியில் அழுத்தம் விழுற இடங்களைப் பாருங்க: பார்க், எங், னு, ரி. முதல் ரெண்டும் சரி. 'னு', 'ரி' ரெண்டும் குறில், அதனால "எங்கேன்னூ தெரீயலையே"ன்னு கேட்கும். சிரிப்பு போற இடம் அதுதான். இப்படி மாத்திப் பாடிப் பாருங்க: "அட பார்க்கிங் எங்கே காணலையே". இப்போ அழுத்தம் பார்க், எங், கா, லை. நாலும் தாங்கும். 'அட' தாளத்துக்கு முன்னாடியே போயிடும். ஆங்கில வரிகள் பெரும்பாலும் அழுத்தமில்லாத ஓர் அசையில் தொடங்கும். தமிழ்ச் சொல்லோ முதல் எழுத்திலேயே ஊன்றி நிற்கும். அதனால 'அட', 'இனி', 'ஒரு' மாதிரி ரெண்டு குறில் சேர்ந்த சின்னச் சொல்லை முன்னாடி வச்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீரும். ரெண்டு குறில் ஒரு நெடிலின் இடத்தை எடுத்துக்கும், ஓசை கெடாது.

வரி முடிவில் நீட்டுற ஸ்வரம் இருந்தா 'போச்சு', 'ஆச்சு' வேண்டாம். அந்த உகரம் நீண்டா காது கூசும். ஆ, ஏ, ஓ-வில் முடியுங்க. முடிஞ்சா மூலப் பாட்டில் அந்த இடத்தில் எந்த உயிர் ஒலி வருதோ அதையே வைங்க. கேட்கிறவர் காதில் மூலம் தானா ஒலிக்கும், நையாண்டி வேலை செய்யறதே அந்த உரசலில்தான்.

சோதனை சுலபம்: இசை இல்லாம, மெட்ரோனோமை 120-இல் ஓடவிட்டு வரியைப் பேசிப் பாருங்க. பேச்சா வந்தா பாட்டாவும் வரும். வரி தெரியாத ஒருத்தரை ஒரு தடவை கேட்கச் சொல்லி எழுதச் சொல்லுங்க. அவர் தப்பா எழுதுற சொல்லை எல்லாம் மாத்துங்க.

ஜெலுத்தோங்_மிக்ஸ்:
சந்தம் சொன்னது முழுக்கச் சரி. மீதி பினாங்கிலிருந்து நான் சொல்றேன்.

எதிரொலி: எஸ்எம்58 கார்டியாய்ட் மைக், முன்னாடி வர்றதைத்தான் அதிகம் பிடிக்கும். அது பாடுறவரையும், அவர் தோளுக்குப் பின்னாடி இருக்கிற சுவரையும் பார்த்துக்கிட்டு இருக்கு. அதனால பஞ்சு, போர்வை எல்லாம் பாடுறவர் முதுகுக்குப் பின்னாடி வரணும். நிறையப் பேர் மைக்குக்குப் பின்னாடி ஒட்டிட்டு, பலன் இல்லைன்னு சொல்றாங்க. ரெண்டு தோத்தோ (தரையில் விரிச்சுப் படுக்கிற தடிச்ச மெத்தை) போதும்: ஒண்ணைப் பாடுறவருக்குப் பின்னாடி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்க, இன்னொண்ணைத் தரையில் விரிங்க. ஜன்னல் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், ரயில் சத்தம் குறையும். ஏர்கானை முன்கூட்டியே ஓடவிட்டு அறையைக் குளிராக்கிட்டு, ரெக்கார்ட் செய்யுற நேரத்தில் நிறுத்துங்க. காற்றாடியும் வேண்டாம்.

மைக்குக்கும் வாய்க்கும் 10 செ.மீ. வாய்க்கு நேரா இல்லாம, மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைங்க. 'ப' வெடிக்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சத்தமான இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாம கெய்ன் (மைக் சத்தத்தை ஏத்தி இறக்குற அளவு) வைங்க.

இழுக்கிறது பாடுறவர் தப்பா இல்லாம இருக்கலாம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தா உடனே கழட்டுங்க, அதில் தாமதம் கட்டாயம் இருக்கும். ஒயர் ஹெட்ஃபோன், இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (குரலை லேப்டாப் வழியா சுத்தாம நேரா ஹெட்ஃபோனுக்கு அனுப்புறது) ஆன், ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டர் ஆஃப். ரெண்டும் சேர்ந்து கேட்டா குரல் இரட்டையாகிக் குழப்பும்.

கீச்சு சத்தம் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர். பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. அது போய், தாழ்வா ஒரு 'உம்' மட்டும் மிச்சம் இருந்தா, அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். சிங்கிள் காயில் பிக்கப் கிட்டார்னா உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்க, ஒரு கோணத்தில் அது அடங்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கீபோர்ட்:
ப்ளூடூத்தேதான். சார்ஜரைக் கழட்டினதும் கீச்சும் போச்சு. நன்றி அண்ணே. ஸ்னேரும் எலக்ட்ரிக் பியானோவும்?

ஜெலுத்தோங்_மிக்ஸ்:
அந்தக் கால பியானோ சத்தம் யமஹா டிஎக்ஸ்7, 1983-இல் வந்த எஃப்எம் முறை சிந்தசைசர். டெக்ஸெட்னு இலவச ப்ளகின் இருக்கு, டிஎக்ஸ்7-இன் பேட்ச்களை (சேமிச்சு வச்ச ஒலி அமைப்புகளை) நேரடியா ஏத்தலாம். 'இ.பியானோ 1' எடுத்து, மேலே லேசா கோரஸ் எஃபெக்ட் போடுங்க. டிரம்முக்கு 1982-இல் வந்த லின்டிரம் என்ற டிரம் மெஷினின் சாம்பிள்கள் (பதிவு செஞ்ச அடிகள்) தேடுங்க. எல்லா அடியும் ஒரே சத்த அளவில், கிரிட்டில் (ரீப்பரின் தாளக் கோடுகளில்) கச்சிதமா இருக்கட்டும். இதில் 'மனுஷத்தன்மை' சேர்த்தா காலமே மாறிடும்.

ஸ்னேர் அடிக்கு கேட்டட் ரிவெர்ப், அதாவது பெரிய எதிரொலியைச் சட்டுனு வெட்டி நிறுத்துறது. ஒரு பஸ் ட்ராக்கில் (ஸ்னேரை அனுப்புற தனி ட்ராக்) ப்ளேட் வகை ரிவெர்ப், நீளம் 2 வினாடி. அதுக்கு அடுத்து நாய்ஸ் கேட் (சத்தம் வரும்போது மட்டும் திறக்கிற கதவு மாதிரி). கேட்டைத் திறக்கிறது ரிவெர்ப் இல்லாத மூல ஸ்னேரா இருக்கணும், அதுக்கு சைட்செயின் (வேற ட்ராக்கின் சத்தத்தால் கேட்டை இயக்குறது) கொடுங்க. ஹோல்ட் (கேட் திறந்திருக்கிற நேரம்) 180 முதல் 200 மில்லிவினாடி, ரிலீஸ் (மூட எடுக்கிற நேரம்) 20. ஏன் இந்தக் கணக்குன்னா, 120 பிபிஎம்மில் அரைத்தட்டு 250 மில்லிவினாடி. அதுக்குள்ள கேட் மூடலைன்னா ஸ்னேரின் வால் அடுத்த அசையை மூடிடும். உங்க பாட்டில் அசைதான் முக்கியம்.

அதே காரணத்துக்காக, குரலின் ரிவெர்புக்கு 50 மில்லிவினாடி ப்ரீடிலே (எதிரொலி தொடங்குறதுக்கு முன்னாடி விடுற இடைவெளி) வைங்க, மெய்யெழுத்து எதிரொலியில் கரையாம முன்னாடி வந்துடும். குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்க. சிந்த் பேடில் (பின்னணியில் நீண்டு ஒலிக்கிற சிந்தசைசர் ஒலி) 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் இறக்குங்க, ழ, ள, ற எல்லாம் தெளிவா தெரியுற இடம் அது. குரலை இரட்டிப்பது பல்லவியில் மட்டும். ரெண்டாவது தடவை பாடும்போது 'ட்ட', 'க்க' எல்லாத்தையும் மென்மையா தொடச் சொல்லுங்க, இல்லைன்னா ரெண்டு தடவை தட்டும். சரணத்தில் ஒற்றைக் குரல்.

இன்னொண்ணு: பாடுறவர் சிரிச்சுக்கிட்டே பாடக் கூடாது. காதலி தொலைஞ்ச அதே உருக்கத்தோட பார்க்கிங்கைத் தேடணும்.

கிள்ளான்_பேஸ்:
பாட்டை யூடியூப்பில் ஏத்தும்போது கவனம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 13-ஆவது பிரிவில் நையாண்டிக்கு விலக்கு தருது. ஆனா யூடியூப்பின் கன்டென்ட் ஐடி ஒரு தானியங்கிப் பொருத்தம், அது சட்டம் பார்க்காது, மெட்டைக்கூட அடையாளம் காணும். உரிமைக் கோரல் வந்தா மறுப்பு அனுப்பலாம், அதுவரை விளம்பர வருமானம் உங்க கைக்கு வராது. எங்கேயாவது டவுன்லோட் பண்ணின கரோக்கி ட்ராக்கை அடியில் போடவே போடாதீங்க. அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமையாளர் இருப்பார். எல்லா இசையும் நீங்களே வாசிச்சதா இருக்கட்டும். மிக்ஸை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸில் (மொத்தப் பாட்டின் சத்த அளவு) முடிங்க. அதுக்கு மேலே ஏத்தினாலும் யூடியூப் இறக்கிடும். வரிகளைத் திரையிலேயே தமிழில் ஓடவிடுங்க.