அறுவை அரங்குக்கு வந்து சேருவதற்குள்

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் 2 வருடம் மயக்க மருத்துவராக இருந்தவர்:

நான் இருந்தது ஒரு மாவட்ட மருத்துவமனை. மழைக்காலம், சாலை முழுக்கச் சேறு. மதியம் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மக்காச்சோளம் பயிரிடுபவர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெர்னியாவில் (குடலிறக்கம்) குடல் மாட்டிக்கொண்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

அந்த நான்கு நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. வலி வந்த அன்றே சைக்கிள் டாக்ஸியில் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஆபரேஷன் வேண்டும் என்று அங்கே கண்டுபிடித்து, நோயாளிகள் எல்லாரும் கையில் வைத்திருக்கும் ஹெல்த் பாஸ்போர்ட் நோட்டில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸுக்குப் போயிருந்தது. மறுநாள் அதற்கு டீசல் இல்லை. அதற்கடுத்த நாள் அவருடைய அண்ணன் ஓர் ஆட்டை விற்கச் சந்தைக்குப் போனார். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு கிடையாதுதான். மினிபஸ்ஸுக்கு வேண்டுமே.

வயிற்றைத் திறந்தபோது ஒரு முழ நீளத்துக்குக் குடல் கறுத்துக் கிடந்தது. முதல் நாளே வந்திருந்தால் குடலை உள்ளே தள்ளித் தைத்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை. இப்போது வெட்டி எடுத்து இணைக்க வேண்டியிருந்தது. பாதியில் கரண்ட் போய் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் நின்றது. கெட்டமைன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்திருந்ததால் அவர் மூச்சு தானாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு குணத்துக்காகவே அந்த மருந்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஜெனரேட்டர் கிளம்பும்வரை டார்ச் வெளிச்சத்தில் தையல் நடந்தது.

மேசையில் பிழைத்தார். மூன்றாம் நாள் இரவு வார்டில் இறந்துபோனார். அறுபது நோயாளிகளுக்கு ஒரே நர்ஸ். காய்ச்சல் ஏறியதையும் நாடி எகிறியதையும் பார்க்க ஆள் இல்லை. பின்னால் 2018இல் 25 ஆப்பிரிக்க நாடுகளில் எடுத்த ஓர் ஆய்வு வெளியானது. அங்கே ஆபரேஷனுக்குப் பின் இறப்பவர்களின் விகிதம் உலகச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. இத்தனைக்கும் அவர்கள் வயதில் இளையவர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தது ஆபரேஷன் நடந்த அன்று இல்லை, மறுநாளோ அதற்கு அப்புறமோ. படித்தபோது எனக்கு அந்த வார்டுதான் கண்முன் வந்தது.

2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், வயிற்றைத் திறப்பது, சிசேரியன், எலும்பு வெளியே தெரியும் முறிவைச் சரிசெய்வது, இந்த மூன்றும் 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் 500 கோடிப் பேர் என்றும் சொன்னது. உங்களில் யாராவது இதை நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

எத்தியோப்பியாவில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர்:

டாக்டர், நான் பார்த்தது நல்லபடியாக முடிந்தது. நான் குடியிருந்த வீட்டுக்காரரின் மருமகளுக்குப் பிரசவ வலி ஒரு பகல் முழுக்க நீடித்தது. பிள்ளை இறங்கவில்லை. மூன்று சக்கர பஜாஜில் ஏற்றிக்கொண்டு போனோம்.

இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவன் கை கழுவிக்கொண்டு நின்றான். சர்ஜன் எங்கே என்று கேட்டேன். நான்தான் செய்யப்போகிறேன் என்றான். அவன் எம்.பி.பி.எஸ். படித்தவன் இல்லை. ஹெல்த் ஆபீசராக வேலை பார்த்து, அப்புறம் 3 வருடம் அவசர அறுவை சிகிச்சையில் மாஸ்டர்ஸ் முடித்தவன். 2009இல் அரசு தொடங்கிய படிப்பாம். எனக்குக் கோபம்கூட வந்தது. நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் விடுவோமா என்று நினைத்தேன்.

ரத்தம் தேவைப்பட்டது. நானும் என் மாணவர்கள் இரண்டு பேரும் கொடுத்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெரிய டாக்டர் வேண்டும் என்று அடுத்த நகரத்துக்குக் கிளம்பியிருந்தால் வழியிலேயே போயிருப்பார்கள். அன்று வந்த கோபத்துக்காக இன்னும் வருந்துகிறேன்.

சியரா லியோனில் நர்ஸாக இருந்தவர்:

டாக்டர் சொன்ன மூன்றில் கடைசியைப் பற்றி நான் எழுதுகிறேன். பதினான்கு வயதுப் பையன், மோட்டார் பைக் மோதிக் கெண்டைக்கால் எலும்பு வெளியே வந்திருந்தது. 2010 முதல் அங்கே கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சை இலவசம். இவனுக்கு இல்லை. கையுறையிலிருந்து ஆன்டிபயாடிக் வரை எல்லாவற்றையும் வாங்கி வரச் சொல்லி அப்பாவிடம் பட்டியல் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு எலும்பு கட்டுபவரிடம் போய்விட்டார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். நாற்றம் வாசல்வரை அடித்தது. முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தோம்.

அப்பாவை அங்கே எல்லாரும் திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. பட்டியலை நீட்டிய கை என்னுடையது.

மலாவி மருத்துவர் மீண்டும்:

பேராசிரியர் சார், அந்தக் கோபம் எனக்கும் முதல் வாரம் இருந்தது. நான் சொன்ன குடல் ஆபரேஷனைச் செய்தவரும் டாக்டர் இல்லை, டாக்டர் பட்டம் இல்லாமல் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்தான். மொசாம்பிக்கில் 1984 முதல் இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். படிப்பு முடித்து ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோது மாவட்ட மருத்துவமனைகளில் வேலைக்குப் போட்ட டாக்டர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை, இவர்களில் 100க்கு 88 பேர் இருந்தார்கள். 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, சிசேரியனில் தாய் இறப்பிலும் குழந்தை இறப்பிலும் டாக்டர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புண்ணில் சீழ் பிடிப்பதும் தையல் பிரிவதும் இவர்களிடம் கூடுதல். அதை மறைக்கக் கூடாது. பக்கத்தில் நின்று சொல்லித்தர மூத்தவர் ஒருவர் இருந்தால் அது குறையும் என்றே நம்புகிறேன்.

சிஸ்டர், நீங்கள் அந்த அப்பாவைப் பற்றி எழுதியதும் ஆடு விற்ற அண்ணன் நினைவுக்கு வந்தார். தம்பி இறந்த காலையில் வார்டு வாசலில் உட்கார்ந்து, முதல் நாளே ஆட்டை விற்றிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தப்பு உங்கள் மேல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த ஊர் மொழியான சிச்சேவா தெரியாது. இரவு முழுக்கத் தூங்காத அந்தக் கிளினிக்கல் ஆபீசர்தான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.