பிறை–பினாங்கு உறவுகள்: தர்ஷனுக்கு மூளை ஸ்கேன் எடுக்கலாமா?

[வெள்ளிக்கிழமை, இரவு 8.12]

ஜெயந்தி: எல்லாருக்கும் வணக்கம். தர்ஷன் விஷயமாக ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் ஒரு நிலையத்தார் தாள் கொடுத்தார்கள். பிள்ளைக்கு மூளை ஸ்கேன் எடுத்து, இடது மூளைக்காரனா வலது மூளைக்காரனா, எந்தத் துறையில் வருவான் என்று சொல்வார்களாம். 680 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமைக்குள் 100 வெள்ளி முன்பணம் கட்டவேண்டும். கட்டட்டுமா?

சரோஜா அத்தை: நல்லதுதானே ஜெயந்தி. கணக்கு வராது என்று இப்போதே தெரிந்தால் வேறு வழி பார்க்கலாம். டியூஷன் காசாவது மிச்சமாகும்.

முகிலன்: என்ன மெஷின் அக்கா? எம்ஆர்ஐயா?

ஜெயந்தி: தலையில் பட்டை மாட்டிய ஒரு பையன் படம் போட்டிருக்கிறது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மூளை, அதில் அங்கங்கே சிவப்பு, மஞ்சள்.

பெரியப்பா: கவிதா ஸ்கேன் எடுக்கிற வேலையில்தானே இருக்கிறாள். அவள் சொல்லட்டும்.

[இரவு 9.41]

கவிதா: இப்போதுதான் ஷிப்ட் முடிந்தது. அக்கா, முன்பணம் கட்டாதீர்கள்.

கவிதா: தலையில் மாட்டுகிற பட்டை மண்டையோட்டுக்கு மேலே வருகிற மின் அலைகளைப் பிடிப்பது. ஈஈஜி என்போம். வலிப்பு, தூக்கக் கோளாறு பார்க்க மருத்துவமனைகளில் முறையாகச் செய்கிற பரிசோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற சாம்பல் படத்தில் சிவப்பு மஞ்சள் வருவது எஃப்எம்ஆர்ஐ, மூளை வேலை செய்யும்போது எம்ஆர்ஐ இயந்திரத்தில் எடுக்கிற படம். அது வேறு இயந்திரம். எங்களிடம் இருப்பது 3 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப் புலத்தைவிட 60,000 மடங்குக்கும் மேல். அந்த அறைக்குள் விடுமுன் அம்மாமார்களின் தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கைக்கூட ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்வோம். ஒரு தலைப்பட்டை அந்தப் படத்தை எடுக்காது.

சரோஜா அத்தை: சரிம்மா. அந்தப் பெரிய மெஷினிலேயே எடுத்தால் பிள்ளையின் திறமை தெரியுமா?

கவிதா: தெரியாது அத்தை. அந்த மெஷின் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, இரத்தத்தைத்தான் பார்க்கிறது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாக ஓடும். ஆக்சிஜன் உள்ள இரத்தமும் இல்லாத இரத்தமும் காந்தத்தில் வேறுவேறு மாதிரி நடந்துகொள்ளும். 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அதைக் காட்டினார். அந்த இரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு நொடி ஆகிறது. நிறம் மூளையில் இல்லை. கணக்கு ஒரு வரம்பைத் தாண்டுகிற இடத்தில் கணினி நிறம் பூசுகிறது.

முகிலன்: அந்த வரம்பைத் தளர்த்தி வைத்தால்?

கவிதா: இல்லாதது எல்லாம் தெரியும். 2009இல் அமெரிக்காவில் கிரேக் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிவரத்தைச் சரிவரத் திருத்தாமல் பார்த்தபோது மீனின் மூளையில் புள்ளிகள் தெரிந்தன. திருத்திய பிறகு ஒன்றும் இல்லை. இந்தத் துறையில் கணக்கைக் கடுமையாகப் பார்க்கவேண்டும் என்று எல்லாருக்கும் உறைத்தது.

சரோஜா அத்தை: செத்த மீனா! கடவுளே.

ஜெயந்தி: அப்படியானால் இடது வலது என்பது?

கவிதா: பேச்சு பெரும்பாலோருக்கு இடது பக்கம், அது உண்மை. ஆனால் ஒருவருக்கு ஒரு பக்கம் முழுவதுமே ஓங்கியிருக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் 7 வயது முதல் 29 வயது வரை 1,011 பேரின் மூளைப் படங்களில் தேடிப் பார்த்தார்கள். அப்படி யாருமே தென்படவில்லை. தர்ஷன் வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

பெரியப்பா: அப்போது இவ்வளவு செலவு செய்து ஆராய்ச்சி எதற்கு? பிரயோசனம் இல்லையா?

கவிதா: நிறைய இருக்கிறது பெரியப்பா. லண்டன் டாக்சி ஓட்டுநர் கதையைச் சொல்கிறேன், அக்கா இதைக் கவனமாகப் படியுங்கள்.

கவிதா: அங்கே டாக்சி உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்யவேண்டும். மூன்று நான்கு வருடம் ஆகும். எலினார் மக்வைர் என்ற ஆய்வாளர் 2000இல் அந்த ஓட்டுநர்களை ஸ்கேன் செய்தார். இடங்களை நினைவில் வைக்கிற ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. சரி, பெரிதாக இருந்ததால் ஓட்டுநர் ஆனார்களா, ஓட்டுநர் ஆனதால் பெரிதானதா? அதற்குப் பயிற்சி தொடங்கும்போதே 79 பேரை ஸ்கேன் செய்து காத்திருந்தார்கள். 39 பேர் தேறினார்கள். தேறியவர்களைத் திரும்ப ஸ்கேன் செய்தபோது அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு வளரவில்லை. 2011இல் வெளிவந்தது.

ஜெயந்தி: சரி…

கவிதா: முக்கியமானது இதுதான் அக்கா. தொடக்கத்தில் எடுத்த படங்களில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. யார் தேறுவார் என்று அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லண்டனில் பெரியவர்களுக்கே முடியாதது, நான்காம் ஆண்டு படிக்கிற நம் பிள்ளைக்கு எப்படி முடியும்? பத்து வயதில் அவன் தலையில் ஒரு முத்திரை குத்திவிட்டால் அவனும் அதை நம்பிவிடுவான். எனக்குப் பணத்தைவிட அதுதான் கவலை.

ஜெயந்தி: புரிகிறது. கட்டவில்லை.

சரோஜா அத்தை: நானும் கட்டச் சொல்லவில்லை இப்போது. டியூஷனே போகட்டும்.

[இரவு 10.05]

பெரியப்பா: கவிதா, கேட்கிறதுதான் கேட்கிறேன். போன மாதம் தலைச்சுற்றலுக்கு எனக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதாம். வயதானால் வரும் என்றார் டாக்டர். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயந்தி: அப்பா!! எம்ஆர்ஐ எடுத்ததையே சொல்லவில்லையே!

சரோஜா அத்தை: அண்ணே, இப்படி மறைக்கலாமா?

கவிதா: யாரும் பதற வேண்டாம். பெரியப்பா, நான் படம் எடுக்கிறவள், படித்துச் சொல்வது டாக்டர். பொதுவாகச் சொல்கிறேன். நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகும்போது மூளையின் வெண்பகுதியில் அப்படிப் புள்ளிகள் விழும். வயதாக ஆக நிறையப் பேருக்கு இருக்கும். ஆனால் "வயசு" என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. இரத்த அழுத்தம், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), சிகரெட் இருந்தால் கூடும். கூடினால் பக்கவாதம், மறதி நோய் வருகிற வாய்ப்பும் கூடும்.

பெரியப்பா: பிரஷர் மாத்திரை போடுகிறேன். சில நாள் விட்டுப்போகும்.

கவிதா: அதுதான் பெரியப்பா விடக்கூடாதது. ஸ்பிரிண்ட் மைண்ட் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு. ஒரு பிரிவினருக்கு இரத்த அழுத்தத்தின் மேல் எண் 120க்குக் கீழ், இன்னொரு பிரிவினருக்கு 140க்குக் கீழ் என்று இலக்கு வைத்தார்கள். ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து ஸ்கேன் செய்தபோது 120 பிரிவில் அந்த வெள்ளைத் திட்டு சராசரியாக 0.92 கன சென்டிமீட்டர் கூடியிருந்தது. 140 பிரிவில் 1.45. மாத்திரையின் பலன் மூளைப் படத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு எது சரியான இலக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். தலைச்சுற்றல் இருப்பதால் நீங்களாக மாத்திரையைக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

முகிலன்: மாமா தண்ணீர்மலையில் நடக்கப் போவாரே, இன்னும் போகிறாரா?

பெரியப்பா: மழைக்காலத்தில் விட்டேன். அப்படியே நின்றுவிட்டது.

கவிதா: திரும்பத் தொடங்குங்கள் பெரியப்பா. 55க்கு மேல் 80 வயது வரை உள்ள 120 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 40 நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் கைகால் நீட்டுகிற பயிற்சி மட்டும். ஒரு வருடத்தில் நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு கூடியது. மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு குறைந்தது. அந்த டாக்சிக்காரர்களுக்கு வளர்ந்த அதே உறுப்புதான்.

சரோஜா அத்தை: எனக்கும் நடக்க வேண்டும். அண்ணே, சனி ஞாயிறு நான் பாலம் தாண்டி வருகிறேன். சேர்ந்து போவோம்.

பெரியப்பா: வா. அருவிப் பக்கம் ஏற்றம் வேண்டாம், கீழேயே சுற்றலாம்.

ஜெயந்தி: அப்பா, இப்போது பிரஷர் பாருங்கள். மெஷின் டிவி மேசை இழுப்பறையில் இருக்கிறது.

[இரவு 10.31]

பெரியப்பா: 152/88

கவிதா: மாடிப்படி ஏறி வந்து உடனே எடுத்தீர்களா?

பெரியப்பா: ஆமாம்.

கவிதா: ஐந்து நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கால் தரையில், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில். பிறகு இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

பெரியப்பா: 141/84. 138/84.

கவிதா: நல்லது. நாளை முதல் காலையில் மாத்திரைக்கு முன்னால் இரண்டு, இரவில் இரண்டு. ஒரு வாரம் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மாத்திரை விட்டுப்போன நாளையும் மறைக்காமல் குறியுங்கள்.

ஜெயந்தி: அடுத்த சனிக்கிழமைக்கு நான் நம்பர் போட்டு வைக்கிறேன். கூடவே வருவேன் அப்பா.

முகிலன்: தர்ஷனை எழுதச் சொல்லுங்கள் மாமா. வரைபடமும் போட்டுத் தருவான்.